மாமியாரம்மா வாங்கிய திட்டுகள்

கல்யாணமே செய்துகொள்ளாமல் தருமபுரி மாவட்டம் முழுக்கக் கொடுமைக்கார மாமியார் என்று பேர் வாங்கியவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர்தான். நாடக மேடைகளில் ராணியாக நின்றவர், சினிமாவுக்குப் போய் மருமகள்களைப் படுத்தி எடுத்து விருதெல்லாம் வாங்கினார். தெருவில் அவர் பெயர் மாமியாரம்மா.

அவரோடு வெளியே போனால் மானம் போகும். ஒருமுறை பாலக்கோடு பஸ்ஸில் ஒரு பெண் எழுந்து நின்று கத்தினாள்.

"அந்தப் புள்ளைய அப்பிடிப் பட்டினி போட்டியே, நீயெல்லாம் வெளங்குவியா?"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் ஜன்னல் வழியே கரும்புக் காட்டைப் பார்த்துக்கொண்டேன். மாமியாரம்மாவோ கைகூப்பினார்.

"ரொம்ப சந்தோசமுங்க. இன்னும் ரெண்டு வார்த்த திட்டுங்க!"

தக்காளி மார்க்கெட்டில், கூடப் போன என் மனைவியைப் பார்த்து வியாபாரி, "இந்தம்மாளுக்கா மருமவளா வந்த? பாவம் கண்ணு" என்று ரெண்டு கை தக்காளி கூடப் போட்டார். அன்றிலிருந்து அவள் தனியாகத்தான் மார்க்கெட் போகிறாள்.

பிறகு நல்லம்பள்ளியிலிருந்து என் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். 'இன்னைக்கு மட்டும் வராதீங்கக்கா' என்று மாமியாரம்மாவிடம் சொல்ல வாய் வரவில்லை. காபித் தட்டோடு வந்து நின்றுவிட்டார். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் மாறியது.

"இவங்க உங்க சொந்தமுங்களா?"

நான் மிக்சர் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன். மாமியாரம்மா முந்தானையை இழுத்துச் செருகினார். முதுகு கூனியது. குரல்கூட வேறு.

"சொந்தமெல்லாம் இல்லீங்க. இந்த வூட்டுல பாத்தரம் கழுவறவ. யாரோ நடிகையாட்டம் இருக்கறன்னு பாக்கறவங்கல்லாம் வையறாங்க. ஒரே ரோதனை!"

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "அவளாட்டமேதான் இருக்கற, போ!"

சம்பந்தம் முடிவானது. மாமியாரம்மா அதே கூனலோடு டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். எனக்குத் தலை நிமிரவில்லை.

கல்யாண மண்டபத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தவரை, என் மகள் மாலையும் கழுத்துமாகப் போய்க் கையைப் பிடித்து மேடைக்கு இழுத்து வந்தாள்.

"அத்த, இவங்க அந்த நடிகையேதான். எனக்குப் பெரியம்மா."

மண்டபமே பார்த்தது. மாப்பிள்ளையின் அம்மா கொஞ்ச நேரம் முறைத்தார்.

"அடியாத்தா, என்னையே ஏமாத்திப்புட்டீங்களே! வாங்க, இப்பிடிப் பக்கத்துல நில்லுங்க."

எத்தனையோ கேமராவைப் பார்த்தவருக்கு, அந்த போட்டோவில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. தலை குனிந்து, புதுப்பெண்ணைவிட அதிகமாக வெட்கப்பட்டு நிற்கிறார்.

"நடிப்பே வரலீங்களே, அத அழிச்சிருங்க" என்றார் என்னிடம்.

எங்கள் கூடத்தில் பெரிதாக மாட்டியிருப்பது அந்தப் படத்தைத்தான்.