இருபத்திரண்டு டப்பா டீ

"இன்னா ஆக்னஸம்மா, இது என் டீயே இல்ல. யாரோ தேன் குடிக்கிறவங்களோடது!"

கட்டிங் சூப்பர்வைசர் சர்தார் பாஷா ஒரே ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பி வைத்தார். அவருடையது நாட்டுச் சர்க்கரை டீ.

"அக்கா, எனக்குப் பனங்கற்கண்டு. இதுல பேரீச்சம்பழ வாசனை வருது," என்று பின்னாலேயே வந்து நின்றாள் ஸ்டிச்சிங் சூப்பர்வைசர் பூர்ணிமா.

ஆம்பூர் பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில் பதினோரு வருஷமாக டீ போடுகிறவள் ஆக்னஸ். அவள் டீயைக் குறை சொல்ல அதுவரை ஆள் கிடையாது. எல்லாம் அந்த மெடிக்கல் கேம்ப் வந்தபிறகுதான். ஆபீசிலும் சூப்பர்வைசர்களிலும் சேர்த்து இருபத்திரண்டு பேருக்கு ரத்தம் எடுத்ததில் பதினாறு பேருக்குச் சுகர் ஜாஸ்தி.

மேனேஜர் சாந்தகுமார் உடனே மீட்டிங் போட்டார்.

"இனிமே வெள்ளைச் சர்க்கரை காம்பவுண்டுக்குள்ள வரக்கூடாது. அவங்கவங்க மாத்துப் பொருள் கொண்டாந்து கேன்டீன்ல குடுத்துடுங்க. இதோ பாருங்க, என் மிஸஸ் வாங்கிக் குடுத்தது. சீனித்துளசிப் பவுடர். ஒரு சிட்டிகை போதும்!"

கேம்ப் டாக்டரம்மா எழுந்து, "நாட்டுச் சர்க்கரை, தேன், கற்கண்டு எல்லாம் சர்க்கரைக்குச் சொந்தக்காரங்கதான். முதல்ல அளவைக் குறைங்க," என்றார். அந்த நேரம் பார்த்து க்ரீம் பிஸ்கட் தட்டு வந்துவிட்டதால் அது யார் காதிலும் விழவில்லை.

"மூணு மாசம் கழிச்சு மறுபடியும் டெஸ்ட். அப்பவும் சுகர் இறங்கலைன்னா, டீ மெஷின் வெச்சிடுவோம்," என்று முடித்தார் மேனேஜர்.

காலி டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டிருந்த ஆக்னஸ் நிமிர்ந்து பார்த்தாள். மெஷின் வந்தால் அவள் எங்கே போவாள்?

மறுநாளே இருபத்திரண்டு டப்பாக்கள் வந்து இறங்கின. ஆக்னஸ் ஒவ்வொன்றிலும் பேர் எழுதி ஒட்டினாள். கொதிக்கிற பாலின் ஆவியில் ஒரே வாரத்தில் அத்தனை சீட்டும் உரிந்து விழுந்தன.

சரி, ஆளுக்கொரு கலரில் தோல் துண்டு கட்டிவிடலாம் என்று கட்டிங் பிரிவில் போய்க் கேட்டாள். அந்த மாதம் கம்பெனிக்கு வந்த ஆர்டர் முழுக்கக் கறுப்பு ஷூ. இருபத்திரண்டு டப்பாவுக்கும் கறுப்புத் தோலையே கட்டிவிட்டு, கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

கடைசியில், ஆட்கள் உட்காரும் வரிசைப்படி அலமாரியில் அடுக்கினாள். தேன் டப்பாவுக்கு எறும்பு வந்தது. கூட்டுகிற செல்லம்மாள் நல்ல மனசோடு எல்லாவற்றையும் இறக்கி, எறும்பு மருந்து போட்டு, தன் இஷ்டத்துக்குத் திருப்பி அடுக்கிவிட்டுப் போனாள்.

அதன் விளைவுதான் இன்று பாஷா பாயின் டீயில் தேன்.

"பேஜார் புடிச்ச பொழப்பு," என்று முணுமுணுத்தாள் ஆக்னஸ். டப்பாக்களைப் பார்த்தாள். மேனேஜருடையது மட்டும் தனியாக, கண்ணாடி மூடியோடு இருந்தது; அதுவரை அதிலிருந்து அவரேதான் எடுத்துப் போட்டுக்கொள்வார். எல்லாருக்கும் இதையே போட்டால் என்ன? உடம்புக்கும் நல்லது, சண்டையும் இருக்காது, சுகரும் இறங்கும், தன் வேலையும் நிலைக்கும்.

ஒரு சிட்டிகை போட்டுப் பார்த்தாள். இனிக்கவே இல்லை. ஒரு ஸ்பூன். ம்ஹூம். இரண்டு ஸ்பூன் போட்டதும் சரியாக இருந்தது. விலை ஜாஸ்தி, இனிப்பு கம்மி, பெரிய இடத்துச் சாமானே இப்படித்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு! நாட்டுச் சர்க்கரைன்னா அந்த ருசியே வேற!" என்று டம்ளரை வழித்துக் குடித்தார் சர்தார் பாஷா.

"என் பனங்கற்கண்டு வாசம் எப்டி தூக்குது பாருக்கா," என்றாள் பூர்ணிமா.

சாயங்காலம் பார்த்தால் மேனேஜர் டப்பாவில் பாதி காலி. ஆக்னஸுக்குத் தூக்கம் வரவில்லை. அடுத்தவர் பொருளை எடுத்துவிட்டோமே என்று மனசு அரித்தது. பயந்துகொண்டே காலையில் வந்து திறந்தால், டப்பா நிறைந்திருந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே," என்று கண்ணை மூடினாள். பாஸ்டரிடம் சொல்ல நாக்கு துடித்தது. சொன்னால் டப்பாவைச் சர்ச்சுக்கு எடுத்துப் போய்விடுவாரோ என்று அடக்கிக்கொண்டாள். அடுத்த டெஸ்ட் வரைக்கும் மேலேயிருந்து நிரம்பிக்கொண்டே இருந்தது. இவளும் தாராளமாக, காலை ஒன்று மாலை ஒன்று என்று இருபத்திரண்டு பேருக்கும் போட்டுக்கொண்டே இருந்தாள்.

இரண்டாவது கேம்ப் ரிசல்ட் வந்தது. பதினாறு பேர் இருபத்திரண்டு ஆகியிருந்தார்கள். மேனேஜருக்குத்தான் எல்லாரையும்விட ஜாஸ்தி.

"திங்கட்கிழமை மெஷின் வருது," என்றார் சாந்தகுமார், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஆக்னஸுக்கு ஒன்றும் புரியவில்லை. சர்க்கரையே இல்லாத டீயைக் குடித்துச் சுகர் எப்படி ஏறும்? உள்ளதைச் சொல்லிவிடுவோம் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மேனேஜர் ரூமுக்கு நடந்தாள். திருடி என்றாலும் பரவாயில்லை, தன் டீ மேல் பழி வரக்கூடாது.

கார் ஷெட் பக்கத்தில் மேனேஜரின் டிரைவர் பஞ்சாட்சரம் அவளை நிறுத்தினார்.

"இன்னாம்மா, அழுவுறியா?"

"ஒண்ணுமில்லண்ணே. என் டீயாலதான் எல்லாருக்கும் சுகர் ஏறுச்சாம்."

பஞ்சாட்சரம் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"மத்தவங்க கதை எனக்குத் தெரியாது, ஆனா சாருக்கு ஏறுனது உன்னால இல்லம்மா, வீட்டம்மா குடுத்த பவுடரு கசக்குதுன்னு கொட்டிட்டு, டப்பாவுல சக்கரையப் பொடிச்சுப் போட்டு எப்பவும் ரொப்பி வெய்யின்னாரு, நானும் மாசக்கணக்கா தெனம் காலைல அரை கிலோ போடுறேன், அத்தினியும் ஒத்த ஆளா தின்னுட்டு இருக்காரு மனுசன்!"