மாப்பிள்ளையின் கிட்டாரும் என் வாயும்

தன் குரலைப் பதிவில் கேட்கும் எவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். எனக்கு வந்தது கூச்சம் அல்ல. போனைக் கையில் பிடித்தபடி அப்படியே கிணற்றில் குதித்துவிடலாமா என்றிருந்தது.

எனக்கு வீடு திண்டிவனம். வேலை, விழுப்புரத்தில் ஒரு டைப்பிங் சென்டரில். பஸ்ஸில் போக வர காதில் ஹெட்போன், அதில் ப்ளூஸ் ராக். (மனசு ஒடிந்த ஒருவன் மெதுவாக அழ ஆரம்பித்து, பாதியில் கோபம் வந்து கிட்டாரைக் கரண்டில் செருகிவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான்.) ஸ்டுடியோ பதிவைவிட மேடைப் பதிவுதான் உசத்தி என்பது என் கட்சி. அதில் கூட்டத்திலிருந்து எவனாவது கத்திவிட்டால், "ரசனை கெட்ட ஜென்மம்" என்று பஸ்ஸிலேயே வாய்விட்டுத் திட்டுவேன்.

என் தங்கை மெர்சியின் கணவர் ஜெரோமுக்கும் இதே பைத்தியம். (கல்யாணம் பேசும்போது அப்பா விசாரித்தது அவர் சம்பளத்தை, நான் விசாரித்தது அவர் கிட்டாரை.) சர்ச்சில் ஞாயிறு பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார். மற்ற நாட்களில் அதே குழுவின் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ப்ளூஸ் ராக். பேச்சுதான் வராது. கல்யாணமானதிலிருந்து அவர் தன்னிடம் பேசிய மிக நீளமான வசனம் "சாப்ட்டியா?" என்பதுதான் என்று மெர்சியே சொல்லிச் சிரிப்பாள்.

அவள் மாசமாக இருந்தபோது கால்வலியில் தூங்காமல் தவித்தாள். அப்போது அவளுக்காகவே ஜெரோம் ஒரு மெட்டுப் போட்டார். மெதுவான ப்ளூஸ், பாட்டு வரிகள் கிடையாது. குழந்தை பிறந்த கொஞ்ச நாளில் குயிலாப்பாளையத்தில் ஒரு மாலைக் கச்சேரிக்கு ஜெரோமின் குழுவைக் கூப்பிட்டார்கள். அதுதான் முதல் மேடை. அந்த மெட்டையும் வாசிப்பதாக ஏற்பாடு. மெர்சி பச்சை உடம்புக்காரி, எங்கள் வீட்டில் கட்டிலோடு இருந்தாள்.

"ண்ணா, அந்த ஒண்ண மட்டும் முழுசா ரெக்கார்டு பண்ணிக்கினு வா. வேற யாரையும் நான் நம்பல" என்றாள்.

"ரெக்கார்டிங்னா என்னான்னு எனக்குத் தெரியாதாம்மா?"

(தெரியாது.)

முன்வரிசையில் உட்கார்ந்து போனை நெஞ்சருகே பிடித்துக்கொண்டேன். இரண்டு அதிரடிப் பாட்டுகள் முடிந்தன. பிறகு ஜெரோம் தயங்கித் தயங்கி மைக் அருகே வந்தார். மாப்பிள்ளை வாயைத் திறக்கிறார்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. விசிலடித்தேன்.

பிறகு வாசித்தார். அப்படி ஒரு வாசிப்பை நான் கேட்டதில்லை. ஒரே ஒரு ஸ்வரத்தை வளைத்து, விடாமல் பிடித்து வைத்திருந்தார். அழுகை தொண்டையில் வந்து நிற்குமே, அப்படி. எனக்குக் கண் கலங்கியது. அழக்கூடாது என்பதற்காகத்தான் வாயைத் திறந்தேன் என்று இன்றுவரை எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொள்கிறேன்.

மறுநாள் வீட்டில் மெர்சி, ஜெரோம், அம்மா, குழந்தை எல்லோரும் இருக்க, ஸ்பீக்கரில் போட்டேன்.

முதலில் வந்தது என் விசில். அடியில் எங்கேயோ ஒரு முணுமுணுப்பு.

"ஏங்க, மைக்குல என்னாமோ பேசறீங்களே, என்னா அது?" என்று மெர்சி எழுந்து உட்கார்ந்தாள்.

"உன்னப் பத்திதான்" என்றார் ஜெரோம், ஃபேனைப் பார்த்துக்கொண்டு.

"என்னப் பத்தி என்னா?"

அவர் எழுந்துபோய் ஃபேன் வேகத்தைக் கூட்டினார். மெர்சி மறுபடி வைக்கச் சொன்னாள். விசில். இன்னொரு தடவை. அதே விசில்.

"ண்ணா, நீ எதிர்லதான இருந்த, உனக்குக் கேட்டிருக்கும்ல?"

"நான் விசிலடிச்சிக்கினு இருந்தம்மா."

அடுத்து கிட்டார் வந்தது. அதன்மேல் ஏறி நின்றுகொண்டு நானும் வந்தேன். "ஆஹா! அப்படித்தான் மாப்ள! விடாத!" அப்புறம் பக்கத்து நாற்காலிப் பெண்மணியின் குரல்: "சார், கொஞ்சம் சும்மா இருங்களேன். கேக்கணும்."

"கேளுங்க மேடம், நல்லா கேளுங்க! எங்க தங்கச்சி வீட்டுக்காரரு!"

குழந்தை விழித்துக்கொண்டு அலறியது. "நீ போவாமலே இருந்திருக்கலாம்டா" என்றார் அம்மா.

"இந்தாங்க சார், மல்லாட்டை சாப்பிடுங்க" என்றது ஸ்பீக்கர். (அந்த வேர்க்கடலையை அவர் பாசத்தில் கொடுத்தார் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.)

என் சத்தம் நின்றது. கிட்டார் மட்டும் தனியாக, சுத்தமாக எழுந்தது. அந்த ஸ்வரம். மெர்சி கண்ணைத் துடைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"சூப்பரு மேடம், இன்னும் கொஞ்சம் குடுங்க!"

அவ்வளவுதான். அதற்குப்பிறகு முடிவுவரை நான்தான்.

"பரவால்ல மச்சான், இன்னொரு வாட்டி வாசிச்சாப் போச்சு" என்றார் ஜெரோம். ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். ஆனால் இன்னொரு மேடை வரவேயில்லை. டிரம்ஸ் வாசித்தவர் வேலை கிடைத்து மஸ்கட் போய்விட்டார், குழு கலைந்தது. வீட்டில் ஜெரோம் அதை எத்தனையோ முறை வாசித்துவிட்டார். நன்றாகத்தான் இருக்கும். அன்றைக்கு வளைந்த மாதிரி அந்த ஸ்வரம் வளைவதில்லை. நான் மென்றுகொண்டிருந்த நேரத்துத் துண்டை மட்டும் வெட்டி மெர்சி தன் போனில் வைத்திருக்கிறாள். அந்த மனிதர் தன் மனைவியைப் பற்றி நாலு பேர் முன்னால் மனசு விட்டுப் பேசிய ஒரே பேச்சு என் விசிலுக்கு அடியில் கிடக்கிறது. அதை வெட்டி எடுக்க இன்னும் எந்த ஆப்பும் வரவில்லை. எல்லாவற்றையும் போட்டுப் பார்த்துவிட்டேன்.

இப்போது குழந்தை பள்ளிக்கூடம் போகிறாள். கிறிஸ்துமஸுக்கு எல்லோரும் கூடும்போது ஜெரோம் கிட்டாரைக் கையிலெடுத்தால், அவள் ஓடிப்போய் ஒரு தட்டு மல்லாட்டையைக் கொண்டுவந்து என் மடியில் வைக்கிறாள். "மாமா, வாயில போட்டுக்கோ, அப்பா ஆரம்பிக்கப் போறாரு!" வீடே சிரிக்கும். நானும் சிரிப்பேன்.

சிரிப்பு அடங்கியதும் மெர்சி கேட்பாள்: "இப்பவாவது சொல்லுங்க, அன்னிக்கு மைக்குல என்னா சொன்னீங்க?"

ஜெரோமின் காது சிவந்துவிடும். தலை குனிந்து தந்தியை முறுக்கிக்கொண்டே சொல்வார்:

"உங்க அண்ணனக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்ப்பார்கள். நான் மென்றுகொண்டே இருப்பேன்.