கோகுல்நாதன் ஆல்பம் வெளியிட்ட படலம்

வாழ்க கோகுல்நாதன்! கொங்கு நாட்டில் பிறந்து, பிறர் எழுதிய மென்பொருளில் பிழை பொறுக்கிப் பிழைத்து, புனேயை ஒட்டிப் பவனா நதி பாயும் சிஞ்ச்வட் மாநகரில் ஏழாம் மாடியை ஆளும் ஏந்தல். ஆறு தந்திக்குள் அறுபது ஓலத்தை அடைத்த ஆற்றலோன். விரல் நுனியில் காய்ப்பும் மூளையில் அதனினும் பெரிய காய்ப்பும் உடையோன், வாழ்க! யாரும் கேட்காமலே பாடுகிறவனை யாராவது ஒருத்தர் வாழ்த்தித்தானே ஆக வேண்டும்? அந்தப் பாவம் நம் தலையில் விழுந்தது.

இவ்வீரன் ஈராண்டாகப் பரிசோதனை ராக் ஆல்பம் ஒன்றைப் படைத்துக்கொண்டிருந்தான். நாமம், ‘மௌனத்தின் முதுகெலும்பு’. ஏழு பாட்டு. ஏழிலும் தாளம் மருந்துக்கும் கிடையாது; தாளம் என்பது அடிமைகளுக்கு உரியது என்பது அவன் சித்தாந்தம். தோசைத் திருப்பியால் கிடாரைச் சுரண்டும் பதினோரு நிமிடமே அக்காவியத்தின் சிகரம். திருப்பி போன இடம் தெரியாமல் இல்லத்தரசி சுப்ரஜா மூன்று வாரம் கரண்டிக் காம்பால் தோசையைப் புரட்டினாள் என்பதையும் வரலாறு குறித்துக்கொள்ளட்டும்.

ஆடி பிறந்தது. புனே மழையில் துணி காயுமா? கூடத்து மின்விசிறியிலும் நாற்காலி முதுகிலும் ஜன்னல் கம்பியிலும் சட்டைகள் சொட்டச் சொட்டத் தொங்க, மாவீரன் நாற்றமடிக்கும் ஈரக் காலுறையோடு நாள்தோறும் அலுவலகம் ஏகினான். அவ்வரண்மனையில் காற்றோட்டமான அறை ஒன்றே ஒன்று. அதிலோ அவனுடைய கிடாரும் ஸ்பீக்கர்களும் கொலுவீற்றிருந்தன. “ஏனுங்க, அந்த ரூம்ல ஒரு கொடி கட்டிக்கட்டுங்களா?” என்று சுப்ரஜா கேட்டதுதான் தாமதம். சிங்கம் சிலிர்த்தெழுந்து, கூடத்து நடுவே, தலையில் ஒரு ஈரத் துண்டு உரச, வஞ்சினம் முழங்கிற்று.

“கேள் சுப்ரஜா! என் ஆல்பம் வெளியான பத்து நாளுக்குள் நூறு பேர் முதல் நொடி தொட்டுக் கடைசி நொடி வரை அதைக் கேளாராயின், இவ்வறை உன் கொடிக்கயிற்றுக்கே ஆகுக! கிடாரை இப்பிறவியில் நான் தீண்டேன்!”

“சரிங்க,” என்றாள் அவள். “எதுக்கும் கயிறு வாங்கி வெச்சுக்கறேன்.”

ஒலிப்பதிவுப் போர் மூண்டது. பகலெல்லாம் ஆபீஸ் சேவகம். பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாதென்பது குடியிருப்பின் சட்டம். எஞ்சியது மாலைப்பொழுது. அந்த மாலைப்பொழுதில்தான், விநாயகர் சதுர்த்திக்கு இரண்டு மாதம் முன்பிருந்தே, ஆற்றுப் பாலத்தடியில் நாற்பது டோல் முரசுகள் பயிற்சிக்கு அணிவகுத்தன. ஒவ்வொன்றும் உள்ளே ஆள் ஒளியத்தக்க பருமன். ஒரே அடியில் ஏழாம் மாடிக் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. அந்த நாற்பதில் ஒன்றை இடுப்பில் வரிந்து கட்டி வெளுத்து வாங்கியவள் வேறு யாருமல்லள், சாட்சாத் சுப்ரஜாவேதான்.

“கிடாரை நேரா கம்ப்யூட்டர்ல சொருகுடா, வெளிச்சத்தமே வராது,” என்றான் அலுவலகத் தோழன் தருண். நல்ல புத்தி யாருக்கு வேண்டும்? ஸ்பீக்கரை அலறவிட்டு எதிரே மைக் வைப்பதே ஆண்மை என்று சீறினான் நம் நாயகன். மெத்தையைத் தூக்கி ஜன்னலில் சாத்தினான். கதவிடுக்கில் கம்பளி திணித்தான். மைக்கும் தானுமாய்ப் புடவை அலமாரிக்குள் புகுந்து, பாச்சை உருண்டை நெடியில் தும்மித் தும்மிப் பாடினான். தும்மலையும் ஐந்தாம் பாட்டில் வைத்துக்கொண்டான். பரிசோதனை ஆயிற்றே!

நாற்பது நாள் பாடி முடித்துக் கேட்டால், ஐயகோ, ஏழு பாட்டிலும் டோல்! பதினோரு நாள் கண்விழித்து, கணினியில் அடி அடியாய் அதைச் சுரண்டி எடுத்தான். ‘பைனல்’, ‘பைனல் டூ’, ‘இதுதான் பைனல்’, ‘சத்தியமா பைனல்’ என்று கோப்புகள் குட்டி போட்டன. வெளியீட்டு நாளில் தூக்கக் கலக்கத்தில் இசைச் செயலியில் அவன் ஏற்றியது எதை? வெறும் ‘பைனல்’ என்னும் முதற்கோப்பை, சுத்தம் செய்யாத மூலச் சனியனை. ஏற்றுமுன் ஒருதரம் போட்டுக் கேட்டிருக்கலாம். ஊரான் சரக்கைச் சோதித்துச் சம்பளம் வாங்குகிறவன், தன் சரக்கைச் சோதிக்கவில்லை. இன்னொருமுறை கேட்க அவனுக்கே சகிக்கவில்லை, அதுதான் உண்மை.

பின்னர் குடியிருப்பு வாட்ஸப்பில் பிரகடனம் செய்தான்: “இசையின் எல்லைகள் இன்றோடு இடிந்தன!” அதன் கீழே ஒருவர், தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டிருந்தார்.

ஐந்து நாளில் முழுக்கக் கேட்டவர் ஒருவர். அவர் தருண், அவனும் போட்டுவிட்டுத் தூங்கிப்போனவன். நாயகனுக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் நாள் காலை செயலியைத் திறந்தான். திறந்தவன் கண்ணைக் கசக்கினான். இருநூற்றுப் பன்னிரண்டு! கடைசி நொடி வரை! துணிகளை விலக்கிக்கொண்டு கூடத்துக்குப் பாய்ந்து, “வென்றேன்! உலகம் விழித்துக்கொண்டது!” என்று எக்காளமிட்டான். வேலையை விடும் கடிதத்துக்கு முதல் வரிகூட மனத்தில் ஓடிற்று. பிறகு கருத்துகளைப் படித்தான்.

“ஏக் நம்பர் டோல்!” என்று மராட்டியில் மெச்சியது ஒன்று. “நம்ம பாலத்தடிப் பயிற்சிதானே? யாரய்யா பதிவு பண்ணது, கோடி புண்ணியம்!” என்றது மற்றொன்று. “நடுவுல என்னமோ கிறீச்சுனு கேக்குது, அதை மட்டும் எடுத்துடக் கூடாதா?” என்றது மூன்றாவது. அதற்கு விழுந்த லைக்குகளே அதிகம்.

“நீங்க சாப்பிடாம கெடக்கறதப் பாக்க முடியலைங்க. அதான் எங்க டோல் குரூப்ல போட்டுவிட்டேன்,” என்றாள் சுப்ரஜா. “நானும் முழுசாக் கேட்டேன். ஆறாவது பாட்டுல ஒரு அடி பிசகுதுங்க, அது நான்தான். நூறு தாண்டிருச்சு, ரூம் உங்களுக்கேதான்.”

அவள் கேலி பண்ணவில்லை. வார்த்தை தவறாமல் விட்டுக்கொடுத்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவன் பாட்டை அவள் கடைசி வரை கேட்டது இதுவே முதல் தரம். பிரகடனக் குரலெல்லாம் எங்கோ போய் ஒளிய, “என் குரல் எப்படி இருந்துச்சு?” என்றான்.

“குரலுங்களா?” அவள் நிஜமாகவே யோசித்தாள். “நடுநடுவுல யாரோ தூரத்துல கூப்புட்டாப்பல இருந்துச்சு. அது நீங்களா?”

ஆறு தந்தியின் அதிபதி, தாளத்தின் பரம வைரி, எல்லைகளை இடித்த ஏந்தல், நூறென்று சூளுரைத்து இருநூறு தாண்டி வென்ற வெற்றித் திருமகன், கிடாரை அதன் பெட்டிக்குள் கிடத்தி, பித்தானை அழுத்தி மூடி, தோசைத் திருப்பியை அடுக்களையில் மாட்டிவிட்டு, “அந்தக் கயிறு எங்க?” என்று கேட்டான்.

அந்த ரூமில் துணி ஒரே நாளில் காய்ந்துவிடுகிறது.