மார்த்தாவுக்குச் சோறு போட்ட வழக்கு

பக்கத்தில் ஒருவர் அரைவயிற்றோடு இருந்தால் எனக்குச் சோறு தொண்டைக்குள் இறங்காது. (இதைக் கண்டு மயங்கித்தான் சுகந்தி என்னைக் கலியாணம் செய்தாள். இப்போது கேட்டுப் பாருங்கள்.) இந்த நல்ல குணத்தால் சிட்னியில் ஒரு நல்ல வேலையைத் தொலைக்கப் பார்த்தேன்.

பரமட்டாவில் ஏசி உதிரிப்பாகம் விற்கும் கம்பனி. எனக்கு ஆறு மாதப் புரொபேஷன் முடிய இன்னும் இரண்டு கிழமைதான் இருந்தது. அதற்கு முன் பதினொரு மாதம் வேலையில்லாமல் மெரிலேண்ட்ஸ் வீட்டில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்தவன் நான். நிரந்தரக் கடிதம் கையில் வரும்வரை மூச்சுக்கூடக் கவனமாக விட்டேன்.

அந்த நேரம் பார்த்துப் போலந்துக்காரி மார்த்தா புதிதாக வந்து சேர்ந்தாள். மத்தியானச் சாப்பாடு ஒரு அப்பிளும் நாலு பிஸ்கட்டும். பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது.

"பாவங்க, இதைத் தின்னுட்டு அஞ்சு மணி வரைக்கும் எப்படி உக்காந்திருக்கும்?" என்றார் பக்கத்து மேசையில் வேலை செய்யும் மதுரை முருகேசன்.

"ஓம், நாளைக்கு நான் கொண்டு வாறன்" என்றேன்.

அடுத்த நாள் நான் ஒரு பக்கம் கத்தரிக்காய்க் குழம்போடு, அவர் மறுபக்கம் புளியோதரையோடு. நடுவில் மார்த்தா. "நோ, தாங்க்யூ" என்றாள். எங்கள் ஊரில் முதலாவது 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது, நீங்கள் உண்மையாகத்தான் கேட்கிறீர்களா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது 'வேண்டாம்' வரும்போது கரண்டி தட்டில் இருக்க வேண்டும். இருந்தது. மதுரை விடுமா? அவரும் போட்டார். எட்டு நாள் இப்படியே யாழ்ப்பாணமும் மதுரையும் அந்தப் பிள்ளையின் தட்டில் போட்டி போட்டன. அவள் மெல்ல மெல்லச் சாப்பிட்டதை ருசி என்றே நினைத்தேன்.

ஒன்பதாம் நாள் சாப்பாட்டுப் பெட்டியும் கையுமாகப் போனவனை மனேஜர் கிரெக் தன் அறைக்குக் கூப்பிட்டார். உள்ளே முருகேசன் வெளிறிப்போய் இருந்தார். மார்த்தா குனிந்தபடி இருந்தாள்.

"மார்த்தா ஒரு முறைப்பாடு எழுதியிருக்கிறார். 'மொபிங்' என்று" என்றார் கிரெக். "எனக்குத் தெரிந்து அது சின்னக் குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து பருந்தைத் துரத்துவது."

மார்த்தா நிமிர்ந்தாள். "இங்கிலீஷ்ச் சொல்தானே? வேலையிடத்தில் பல பேர் சேர்ந்து ஒருவரை விடாமல் நெருக்குவது. எங்கள் நாட்டில் சட்டத்திலேயே இருக்கிறது. ஜெர்மனியில் கேளுங்கள், இத்தாலியில் கேளுங்கள், எல்லாரும் இப்படித்தான் சொல்வார்கள்."

எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆவல் வந்துவிட்டது. இங்கிலீஷ்காரன் வீட்டுச் சொல் போலந்துக்குப் போய், சட்டப் புத்தகத்தில் உத்தியோகம் பார்த்துவிட்டுப் பரமட்டாவுக்கு வந்தால், இங்கே இங்கிலீஷ்காரனுக்கே அதை அடையாளம் தெரியவில்லை. என்ன விந்தை.

"இத்தாலியிலும் இதே சொல்லா? அப்படியேவா சொல்வார்கள்?" என்று கேட்டேன்.

முருகேசன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தார். "சும்மா இருங்க, வேலை போகப்போகுது."

அப்போதுதான் உறைத்தது. வீட்டுக்குப் போய்ச் சுகந்திக்கு என்ன சொல்வது? சோறு போட்டதற்காக வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள் என்றா? எப்படியாவது சமாதானம் செய்ய வேண்டும். கை தன் பாட்டில் பெட்டியைத் திறந்தது.

"மன்னித்துக்கொள்ளுங்கள் மார்த்தா. ஒரு வடை எடுங்கள்."

"நோ."

"சின்னன்தான். ஒண்டே ஒண்டு."

கிரெக் பேனாவை எடுத்து எதையோ எழுதினார். முருகேசன் கண்ணை மூடிக்கொண்டார். மார்த்தா என்னையும் வடையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நான் எத்தனை தரம் நோ சொல்ல வேண்டும்?"

"நாலு" என்றேன். உண்மையைத்தானே சொல்ல முடியும்.

"நோ, நோ, நோ, நோ."

பெட்டியை மூடினேன். அவ்வளவுதான், அவளுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. எட்டு நாளும் பயந்துபோய்ச் சாப்பிட்டாளாம், இரண்டு கிலோ ஏறிவிட்டதாம். முறைப்பாட்டைத் திருப்பி எடுத்தாள். எனக்குப் புரொபேஷன் மூன்று மாதம் நீண்டது, ஒரு நிபந்தனையோடு: எதையும் யாரிடமும் ஒரு தரம்தான் கேட்க வேண்டும்.

மூன்று மாதமும் விரதம் போலக் கடைப்பிடித்தேன். கடிதம் கிடைத்தது. பழக்கமும் ஒட்டிக்கொண்டது. அந்தக் கிழமையே மெல்பேர்னிலிருந்து பத்து மணித்தியாலம் கார் ஓடிவந்த மச்சானிடம், "சாப்பிடுறீங்களா?" என்று கேட்டேன்.

"சீச்சீ, வேண்டாம். இப்ப பசி இல்ல."

"சரி" என்று இடியப்பத்தைக் குசினிக்குக் கொண்டுபோய் மூடி வைத்தேன். மச்சான் பெற்றோல் நிலையத்தில் ஆறிப்போன 'மீட் பை' வாங்கித் தின்றதைக் குடும்பமே அறியும். சுகந்தி மூன்று நாள் என்னோடு கதைக்கவில்லை.

இப்போது எங்கள் சொந்தக்காரர் எல்லாரும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுத்தான் வருகிறார்கள்.