நல்ல கேள்வி, கேட்டதற்கு நன்றி

சட்டக் கல்லூரி மாடிகளில், நகல் இயந்திரத்துக்கும் கழிப்பறைக்கும் நடுவே உள்ள அறைகளில், ஃபெலோ என்றொரு ஜீவராசி வசிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். மாணவனும் அல்ல, பேராசிரியனும் அல்ல. மாணவர்கள் அவனிடம் மார்க் குறைந்ததற்கு முறையிடுவார்கள். பேராசிரியர்கள் அவனை நாற்காலி நகர்த்தச் சொல்வார்கள். எங்கள் லாஸ் ஏஞ்சலிஸில் இதில் ஓர் உட்பிரிவு உண்டு. யார் யாரை விரும்பலாம், விரும்பினால் சட்டம் என்ன சொல்லும் என்று பாடம் நடத்தும் ஆசிரியராக ஆசைப்பட்டு, அதற்கென்றே கொடுக்கப்படும் ஃபெலோஷிப் என்ற தற்காலிக உதவித்தொகையில் காலம் தள்ளுகிற பிரிவு. அதன் அசல் மாதிரி வேண்டுமென்றால் தூரம் போக வேண்டாம். என் பெயர் வெண்டல்.

எங்களை அடையாளம் காண்பது சுலபம். வீட்டில் சோபா இருக்காது. வேலைக்கு எந்த ஊர்க் கல்லூரி கூப்பிடுமோ தெரியாதே, பிறகு வாங்குவானேன்? கட்டுரைத் தலைப்பை மூச்சுவிடாமல் படித்து முடிக்க முடியாது. பக்கத்தில் பாதி அடிக்குறிப்பு. முதல் அடிக்குறிப்பில் நன்றி சொல்ல வேண்டும். எங்களுக்கு வேலை கொடுக்கக்கூடியவர்கள் முதலில், சோறு போட்டவர்கள் கடைசியில். என் கட்டுரையில் அந்தக் கடைசிப் பெயர் வார்தன். பள்ளிக்கூட பேண்டு வாசிப்புக்கு ஆசிரியன், பக்கத்து க்ளெண்டேலைச் சேர்ந்த ஆர்மீனியன், என்னோடு வாழ்கிறவன்.

ஆனால் எங்கள் உண்மையான அடையாளம் கேள்விக்குப் பதில் சொல்கிற விதம். ஆமாம், இல்லை என்ற இரண்டு சொற்களும் எங்களுக்கு ஆகாது. கேள்வி வந்தால் தலையை ஆட்ட வேண்டும், புன்னகைக்க வேண்டும், பிறகு ஒப்பிக்க வேண்டும்: “நல்ல கேள்வி. கேட்டதுக்கு நன்றி. அதை என் அடுத்த கட்டுரையில எடுத்துக்கறேன்.” அந்த அடுத்த கட்டுரையை இதுவரை கண்ணால் கண்டவர் எவராவது உண்டா?

என்னுடைய இந்தக் கட்டுரை திருமணம் பற்றியது. எங்களைப் போன்ற ஒருபால் ஜோடிகளுக்குத் திருமண உரிமை கிடைத்ததும், ‘அதான் இனிமேல் கட்டிக்கொள்ளலாமே’ என்று சொல்லி, கட்டிக்கொள்ளாத ஜோடிகளுக்குக் கொடுத்துவந்த மருத்துவக் காப்பீட்டைப் பல நிறுவனங்கள் நிறுத்திக்கொண்டன. ஆகவே கட்டிக்கொள்ளும் உரிமைக்குள் கட்டிக்கொள்ளாமல் இருக்கும் உரிமையும் அடக்கம் என்று வாதாடியிருக்கிறேன். வாதம் பலமானது. அதன் ஒவ்வொரு வரைவையும் வார்தன்தான் பிழை திருத்தினான்.

அவன் ஒருநாள் வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னான்: “அம்மா கேக்கறாங்கடா. நம்ம கல்யாணத்துக்கு ஹால் பிடிக்கணுமாம். கட்டிக்கலாமா?”

அவன் அம்மா இத்தனை காலமும் என்னை ‘உன் ரூம்காரன்’ என்று மட்டுமே குறிப்பிட்டு வந்தவர். அவர் வாயிலிருந்து கல்யாணம் என்ற சொல் வந்தது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் வாய் பழக்கப்பட்ட வாய்.

“நல்ல கேள்வி,” என்றது அது. “கேட்டதுக்கு நன்றி.”

வார்தன் கத்தியைக் கீழே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

அந்த வாரமே எனக்கு ஒத்திகை உரை. நேர்காணல் காலம் தொடங்குமுன் சக ஃபெலோக்களும் பேராசிரியர்களும் மத்தியானம் கூடி, சாண்ட்விச்சைக் கடித்தபடி நம்மையும் கடித்துத் துப்புவது எங்கள் குலவழக்கம். கட்டுரையை வாசித்து முடித்தேன். கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. வார்தனின் கை; பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தான்.

“கட்டிக்காம இருக்கவும் உரிமை உண்டுன்னு சொன்னீங்க, சரி,” என்றான், பொது இடத்து மரியாதையோடு. “அப்ப கட்டிக்கறதா வேண்டாமான்னு அந்த ஆள் எப்பதாங்க சொல்லுவாரு? ஹால்காரர் வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் கேக்கறாரு.”

அறை மலர்ந்துபோனது. சட்டம் படித்தவர்களுக்குக் கற்பனை வழக்கு என்றால் கல்யாண விருந்து மாதிரி. எங்கள் தலைவி பேராசிரியை லெனோரா, அருமையான உதாரணம் என்று பாராட்டிவிட்டு, அந்தக் கேள்வியோடு தன்னுடையதையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார்: ஹால்காரர் வைக்கும் கெடுவை அரசின் நெருக்கடியாகக் கருதலாமா? இன்னொருவர் முன்பணம் திரும்ப வருமா என்பதைப் பொறுத்தது என்றார். மூன்றாமவர் ‘அந்த ஆள்’ என்பதை வரையறுக்கக் கோரினார். அந்த ஆளுக்கு வியர்த்துக் கொட்டியது.

ஏன் சொல்ல முடியவில்லை? கொள்கை ஒன்றும் இல்லை. பயம். எனக்கு வேலை எந்தப் பனிக்காட்டுக் கல்லூரியில் கிடைக்குமோ. இவன் அம்மாவும் பேண்டும் இங்கே. கூட வருவாயா என்று கேட்டு, மாட்டேன் என்று அவன் சொல்லிவிட்டால்? அந்தப் பயத்துக்குத்தான் அத்தனை அடிக்குறிப்பு போட்டு மூடியிருந்தேன்.

“நல்ல கேள்வி,” என்று ஆரம்பித்தேன். வார்தன் சாண்ட்விச்சைக் கீழே வைத்தான். கத்தியை வைத்த அதே மாதிரி. எழுந்து போகப்போகிறான் என்று தெரிந்துவிட்டது.

“கட்டிக்கறேன்,” என்றேன். “எந்த ஊருக்குப் போனாலும் நீ கூட வருவியா?”

“இதுக்கா இவ்வளவு நாள்?” என்றான் அவன். “வரேன்டா.”

கூட்டம் முடிந்ததும் லெனோரா என்னைத் தனியே அழைத்துத் தோளைத் தட்டினார். “வாழ்த்துகள். ஆனா அந்தப் பதில் ரொம்பச் சின்னது. நிஜ நேர்காணல்ல இப்படிப் பண்ணிடாதீங்க,” என்றார்.

சிரிக்கிறீர்கள். சரி, இன்று காலை உங்கள் வீட்டிலும் யாரோ முகத்தைப் பார்த்து ஏதோ கேட்டார்களே, என்ன சொன்னீர்கள்? “பார்க்கலாம்” என்றுதானே? எங்களுக்காவது இதற்கு ஃபெலோஷிப் தருகிறார்கள்.