சத்தத்தை அணைத்துவிட்டுப் படம் பார்த்தவர்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் ஆபீஸ் டைரக்டரின் அறைக்குள் நுழைந்து, அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எதிரே கிடந்த நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் போட்டு உட்கார்ந்த மடையன் நான். கேட்கப் போனதைக் கேட்காமலே திரும்பியவனும் நான்தான். முதல் மடத்தனத்துக்குக் காரணம் மியூட் அண்ணாச்சி. இரண்டாவது முழுக்க என் சொந்தச் சரக்கு.

தொண்ணூறுகளின் கடைசியில் கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்களுக்கு மேல்வீட்டில் அவர் இருந்தார். டி.வி.யைக் காசு கொடுத்து வாங்கி அதன் வாயைக் கட்டிப்போட்ட மனிதர் டெல்லியிலேயே அவர் ஒருவர்தான். திருநெல்வேலிக்காரர், கல்யாணம் ஆகாதவர், ஏதோ ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டென்ட். சொந்தப் பெயர் என்னவென்பது ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

"ஏன் அண்ணாச்சி, காது கேக்காதா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நல்லாக் கேக்கும்வே. நாள் பூரா 'அண்டர் கன்சிடரேஷன்'னு நோட் எழுதுதேன். எவனாவது எதையாவது கன்சிடர் பண்ணிப் பாத்திருக்கீரா? வார்த்தைய நம்பி மோசம் போனவன் நான். படம் பொய் சொல்லாது."

பட்ஜெட் உரையைக்கூட ஊமையாகத்தான் பார்ப்பார். "வரிச்சலுகை கிடையாது. கை ரெண்டும் மேசைக்கு அடியில போயிட்டு பாத்தீரா" என்பார். மறுநாள் பேப்பரைப் பிரித்தால் கிடையாதுதான்.

அவருடைய உயிர் மட்டும் கேபிளில் வரும் ஆங்கில சூப்பர் ஹீரோ படங்களில் இருந்தது. முதுகில் துணி படபடக்க, கட்டடம் விட்டுக் கட்டடம் தாவும் ஆசாமிகளின் படங்கள். காலனிப் பிள்ளைகள் எல்லாம் அவர் வீட்டில் கூடிவிடும். என் மகன் பாலு முதல் வரிசை.

"அங்கிள், ஆவாஸ் தோ கரோ ந" என்று சத்தம் வைக்கச் சொல்லிக் கெஞ்சுவான்.

"பேசாம இருந்து பாருலே. ஹீரோ பறக்கும்போது கேமரா எங்க கெடக்கு?"

"நீச்சே."

"கீழ இருந்து பாத்தா நம்ம மொட்டை மாடித் தண்ணித்தொட்டிகூட சாமி மாதிரிதான் நிக்கும். அதுல என்ன பெருமை? இப்பம் முகமூடியக் கழத்துதான் பாரு. கேமரா ஏறி அவன் கண்ணுக்கு நேரா வந்துட்டா? இப்பம்தான் அவன் யாருன்னு சொல்லுதாங்க."

சும்மா கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அந்தக் கிறுக்கு தொற்றிக்கொண்டது. அதே ஹீரோ சாதாரணச் சட்டையில் ஆபீஸுக்குப் போனால் அவனைப் படச்சட்டத்தின் ஓரத்தில் ஒதுக்கிவிடுகிறார்கள். பாதி உடம்பைக் கதவு மறைக்கும், மீதியைத் தூண். நிறம்கூட வெளுத்துப்போய்த் தெரியும். "நம்மள மாதிரி" என்பார் அண்ணாச்சி, சிரிக்காமல்.

இந்த ஞானத்தை அவர் டி.வி.யோடு நிறுத்தியிருக்கலாம். எங்கள் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவில் கேமராவை நம்பி அவரிடம் கொடுத்தோம். ஸ்டூல் மேல் ஏறி நின்று தலைமை விருந்தினரை எடுத்தார். மாலைக்குவியலுக்கு நடுவே ஒரு வழுக்கை மட்டும் வந்திருந்தது. பிறகு தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு சாம்பார் கிண்டியவரை எடுத்தார். கையில் கரண்டியோடு உலகத்தைக் காப்பாற்றப் புறப்பட்டவர்போல அவர் நின்றார். சங்கத்துச் செயலாளர் அண்ணாச்சியோடு பேச்சை நிறுத்திவிட்டார். அண்ணாச்சிக்கு அதில் வருத்தமே இல்லை.

இப்படி இருக்கையில் எனக்குக் கௌஹாத்திக்கு மாற்றல் உத்தரவு தயாராவதாகத் தகவல் வந்தது. மனைவி சரோஜாவுக்கு டெல்லியில் வேலை. விட்டு வர முடியாது. அப்பா போகப்போகிறார் என்று காதில் விழுந்த நாளிலிருந்து ஏழு வயது பாலு வாயையே திறக்கவில்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டான், படு என்றால் படுத்தான். டைரக்டரைப் பார்த்துக் கெஞ்சுவதைத் தவிர எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஆனால் அவரைக் கண்டாலே எனக்குப் பயம்.

"அவரு எங்க இருக்காரு?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"பெரிய ஜன்னலுக்கு முன்னால."

"மூஞ்சி தெரியுமா?"

யோசித்துப் பார்த்தேன். இத்தனை மாதத்தில் தெரிந்ததே இல்லை. பின்னால் வெளிச்சம், நடுவில் ஒரு கறுப்பு உருவம், கன்னத்தில் ஒரு கை.

"அப்படிச் சொல்லும். வில்லன எப்பமும் அப்படித்தான் உக்கார வைப்பான். மூஞ்சி தெரியாதவனக் கண்டா பயம் வரும். பயம் அவன்கிட்ட இல்லவே, விளக்கு வச்ச எடத்துல இருக்கு. நாற்காலிய ஜன்னல் பக்கமாப் போடும். அவரு உம்ம பக்கம் திரும்பித்தான் ஆகணும். அப்பம் பேசும்."

போட்டேன்.

"அரே, குர்சி கஹாங் லே ஜா ரஹே ஹோ?" நாற்காலியை எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்டபடி திரும்பினார் டைரக்டர். வெளிச்சம் அவர் முகத்தில் விழுந்தது. இடது கன்னம் பன் மாதிரி வீங்கியிருந்தது. கண்ணோரம் ஈரம். மாதக்கணக்காக மிடுக்கு என்று நான் நினைத்திருந்த அந்தக் கை, பல்வலிக்குக் கொடுத்த முட்டு.

"சார், தாந்த் மே தர்த்?" என்றேன்.

அவ்வளவுதான். அந்த அறையில் அதுவரை யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லை போலிருக்கிறது. கடைவாய்ப் பல், டாக்டர் மேல் இருக்கும் பயம், தூங்காத ராத்திரிகள் என்று மனிதர் கொட்டித் தீர்த்தார். நான் லவங்கத்தைப் பற்றிச் சொன்னேன். கடைசியில் பிரியமாக, "ஔர் குச்?" என்று கேட்டார். வேறு ஏதாவது உண்டா என்கிறார். அந்தக் கன்னத்தைப் பார்த்துக்கொண்டு நான் சொன்னேன்: "நஹீ, சார்."

"படத்த ஒழுங்காத்தான் பாத்திருக்கீரு. கதையத்தான் கோட்டை விட்டுட்டீரு" என்றார் அண்ணாச்சி. சரோஜா தட்டைக் கொஞ்சம் ஓசையோடு வைத்தாள். மறுநாள் மறுபடி போனேன். டைரக்டர் பல்லைப் பிடுங்கிக்கொள்ள லீவில் போயிருந்தார். அவர் இடத்தில் இருந்தவர் என் உத்தரவில் கையெழுத்துப் போட்டு, வாழ்த்தும் சொன்னார்.

கௌஹாத்தியில் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எஸ்.டி.டி. பூத்தில் வரிசையில் நிற்பேன். சரோஜா பேசுவாள், பாலு வந்து ரிசீவரில் மூச்சு மட்டும் விடுவான். அவளுக்கு முன்பே ஆபீஸ் விட்டு வந்துவிடும் அண்ணாச்சிதான் அவள் வரும்வரை அவனுக்குச் சோறு போட்டு, ஷூ லேஸ் கட்டக் கற்றுக்கொடுத்து, மொட்டை மாடியில் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை.

ஒரு வாரம் மூச்சுகூட வரவில்லை. பயந்துபோய் அண்ணாச்சியைக் கூப்பிடச் சொன்னேன். போனைக் கண்டாலே அவருக்கு ஆகாது. மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. ரிசீவர் கை மாறியது.

"அண்ணாச்சி, பாலு எப்படி இருக்கான்? ஏதாவது பேசுறானா? என்னப் பத்திக் கேக்குறானா? நீங்க மட்டும் இல்லேன்னா நாங்க..."

"பேச்ச விடும்வே, பய மூஞ்சில வெளிச்சம் இருக்கு."