கூண்டோடு வரச் சொன்ன பல் டாக்டர்

வெள்ளைக்காரன் காலத்தில், விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் ஒரே ஓர் ஆளைக் கண்டுதான் ஊரே வாயை மூடிக்கொள்ளும். போலீஸ் இன்ஸ்பெக்டர் என்று நினைத்தால் தப்பு. இன்ஸ்பெக்டர் எதிரே வந்தால் ஜனங்கள் சலாம் போட்டுப் பல்லைக் காட்டுவார்கள். பல்லைக் காட்டவே பயந்தது கூண்டோடு டாக்டரிடம்தான்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். யார் கண்டது? ஊரில் எல்லாருக்கும் அவர் கூண்டோடு டாக்டர்தான். போர்டில் 'குடும்பப் பல் டாக்டர்' என்று எழுதியிருந்தார். எழுதியதை அப்படியே நடத்தியும் காட்டினார். தனியாகப் போகிறவனைத் தொடமாட்டார். ஒரு பல் வலிக்கிறது என்றால் பெண்டாட்டி, பிள்ளை, மாமியார் என்று கூண்டோடு போய் நிற்க வேண்டும்.

"எதுக்குங்க அத்தினி பேரும்?"

"ஒத்த ஆளு வாயத் தொறந்தா பொய்தான்யா வரும். கூட வூட்டுக்காரி இருந்தாத்தான் உண்மை வரும்."

அது என்னவோ வாஸ்தவம். காணையிலிருந்து வந்த கரும்புக்காரர் ஒருவர், "வெத்தலையா? தொடவே மாட்டேங்க" என்று சிவந்த வாயோடு சத்தியம் செய்தார். "தூங்கசொல்லகூட கொதப்பிக்கினுதாங்க இருக்கும்" என்றாள் பின்னால் நின்ற சம்சாரம். அவருக்குப் பல்லோடு மானமும் போயிற்று.

கேள்வி கேட்பவர்களைக் கண்டால் டாக்டருக்கு ஆகவே ஆகாது. கேட்காமல் ஜனங்களால் இருக்கவும் முடியாது.

"வலிக்குங்களா டாக்டரய்யா?"

"எனக்கு வலிக்காது."

"எப்பப்ப வந்து காட்டணுங்க?"

"வலிக்காதப்ப வா. வலிக்கசொல்ல எல்லாக் கழுதையும் வரும்."

"கொழந்தைய எப்பலேர்ந்து காட்டலாங்க?"

"உன்னக் கடிச்ச அன்னிக்கே தூக்கிக்கினு வா."

"நல்ல பல் டாக்டர எப்பிடிங்க கண்டுபுடிக்கிறது?" என்று ஒரு மகாராசன் அவரிடமே கேட்டுவிட்டான்.

"அவங்கிட்ட போய்ட்டு வந்தவன சிரிக்கச் சொல்லிப் பாரு. இப்ப வாயத் தொற."

நான் அப்போது விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் குமாஸ்தா. அப்பா அம்மா போய்விட்டார்கள். கூடப்பிறந்தவர் யாரும் இல்லை. மெஸ் சாப்பாடு, வாடகை அறை. திண்டிவனத்தில் ஒரு பெண்ணைப் பார்க்க வரச் சொல்லியிருந்தார்கள். எனக்கென்று ஒரு வீடு அமையுமானால் அது இந்த இடம்தான் என்று மனசு கிடந்து அடித்துக்கொண்டது. நேரம் பார்த்துக் கடைவாய்ப் பல் வேலையைக் காட்டியது. வீங்கிய கன்னத்தோடு டாக்டரிடம் ஓடினேன்.

"குடும்பம் எங்கய்யா?"

"எனக்கு யாரும் இல்லீங்க."

"அப்ப கட்டிக்கினு வா."

"பல்லப் புடுங்கினாத்தானேங்க பொண்ணு பார்க்கவே போவ முடியும்!"

"குடும்பம் இல்லாத வாயி எனக்கு வாணாம். அடுத்த ஆளு, கூண்டோட உள்ள வாங்க!"

அந்த மனிதரை எத்தனை விதமாகத் திட்ட முடியுமோ அத்தனை விதமாகவும் மனசுக்குள் திட்டிக்கொண்டே, பல்லில் கிராம்புத் தைலத்தை வைத்துக்கொண்டு ரயிலேறினேன். பெரியவர் என்று பேருக்கு எங்கள் ஹெட் கிளார்க் துணைக்கு வந்தார்.

திண்டிவனத்தில் பெண் வீட்டுக் கூடத்தில் காலை வைத்தால், நடு நாற்காலியில் கூண்டோடு டாக்டர்! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாரத்தில் சில நாள் அவருக்கு அந்த ஊரில்தான் ஜாகை. ஊர் உலகத்தில் மாப்பிள்ளை பார்க்க ஜோசியரைக் கூப்பிடுவார்கள். என் வருங்கால மாமனார் பல் டாக்டரைக் கூப்பிட்டிருந்தார். "ஜாதகத்த எப்பிடி வேணா எழுதிக்கலாங்க. பல்ல எழுத முடியுங்களா?" என்று ஹெட் கிளார்க்கிடம் விளக்கம் வேறு.

நான் வாயே திறக்கவில்லை. கேட்டதற்கெல்லாம் தலையை ஆட்டினேன். பெண் தட்டோடு வந்தாள். தட்டில் மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்லும் வேர்க்கடலை உருண்டை. வெல்லப் பாகு இறுகி, சுவரில் அடித்தால் சுவர் உடையும். எடுக்காவிட்டால் பெண் பிடிக்கவில்லை என்று ஆகிவிடும். எடுத்தேன். கடித்தேன். அந்த நேரம் பார்த்துத்தான் அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஐயோ! அம்மா!" என்று நான் போட்ட சத்தம் ரயிலடி வரை கேட்டிருக்கும்.

பெண்ணைப் பார்த்து அலறிய முதல் மாப்பிள்ளை நான்தான். அவள் முகம் விழுந்துவிட்டது. மாமனார் எழுந்துவிட்டார். ஹெட் கிளார்க் செருப்பைத் தேட ஆரம்பித்தார். எல்லாம் போச்சு என்று எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது.

"உக்காருங்கய்யா எல்லாரும்!" என்றார் டாக்டர். "பொண்ணப் பார்த்துக் கத்தல. கீழ் கடைவாப் பல்லு. விழுப்புரத்துல எங்கிட்ட வந்தான். குடும்பம் இல்லேன்னு தொரத்திட்டேன்." பையிலிருந்து குறடு வெளியே வந்தது. மாமனார் பக்கம் திரும்பினார். "ஜல்தியா சொல்லுங்க. இவன் உங்க குடும்பமா, இல்லியா? ஆமான்னா இங்கயே புடுங்கறேன். இல்லேன்னா எனக்கு வேற வேல இருக்குது."

மாமனார் மென்று விழுங்கினார்.

"ஆமான்னு சொல்லு நைனா," என்றாள் அந்தப் பெண். "பாவம், வலிக்குது அவருக்கு."

மாமனார் என் தோளைப் பிடித்துக்கொண்டார், மாமியார் சொம்போடு நின்றார், பல் வந்துவிட்டது. பாக்கு வெற்றிலையைப் பிறகுதான் மாற்றினார்கள்.

கல்யாணமாகி, கையில் ஒரு குழந்தையும் வந்த பிறகு, ஒரு நாள் காலையில் டாக்டர் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். ஒரு கன்னம் பூரியாக உப்பியிருந்தது.

"கெளம்புங்க. பாண்டிச்சேரியில ஒருத்தங்கிட்ட புடுங்கிக்கப் போறேன்."

"நாங்க எதுக்குங்க?" என்றேன், புத்தி கெட்டுப்போய்.

அவர் தரையைப் பார்த்தார். அந்த மனிதருக்கும் யாரும் இல்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் மனைவி அதற்குள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பூட்டைத் தேடிக்கொண்டிருந்தாள்.

பாண்டிச்சேரியில் நாற்காலியில் உட்கார்ந்ததும் எங்கள் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "வலிக்குங்களா?"

"கூட வந்தவங்க வெளியில இருங்க" என்றார் அந்த ஊர் டாக்டர்.

"நாங்க அவரு குடும்பங்க" என்றாள் என் மனைவி, நகராமல்.

வாயைத் திறந்தபடியே எங்கள் டாக்டர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பல் வந்த பிறகும் நான் அந்தக் கையை விடவில்லை.